பத்தாம் திகதி வரைக்கும் தாங்கும் கடை

சிறு வணிகம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு உடனே ஞாபகம் வருவது ஒரு சீஆர் கொப்பிதான், தடித்த அட்டை போட்ட பெரிய கணக்கு நோட்டு. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அத்தை கடை வைத்திருந்தார், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு பலகைக் கடை. தரம் 9 படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்னேரம் நான் போய் அந்தக் கொப்பியில் எழுதிக் கொடுப்பேன். ஒரு வீட்டுக்கு இரண்டு பக்கம். மா 2 கிலோ, பருப்பு 250, சீனி அரைக் கிலோ, நெத்தலி 100, சவர்க்காரம் 1, அதற்கு நேரே தொகை. மாதம் முழுக்க எழுதிக்கொண்டே போவோம். பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம் போட்டதும் கூட்டிச் சொல்வோம், கொடுப்பதைக் கழிப்போம், மிச்சம் இருந்தால் அது அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்காரும்.

அந்தக் கொப்பியை வைத்தே, ஒரு சின்னக் கடை ஊருக்கு என்ன செய்கிறது, பிறகு ஏன் தடுமாறுகிறது என்று சொல்லப் பார்க்கிறேன். வியாபாரம் படிக்காதவர்களுக்கும், புதிதாகக் கடை போட நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும்தான் இது.

முதலில் சிறு வணிகம் என்றால் எவ்வளவு சிறிது? இலங்கை அரசின் கொள்கையில் அதற்கு ஓர் அளவு இருக்கிறது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யாத, வருட விற்பனை 15 மில்லியன் ரூபாவுக்குள் இருக்கிற தொழில் நுண் தொழில். 11 முதல் 50 பேர் வரை என்றால் சிறு தொழில். அந்தக் கணக்கில் பார்த்தால் தோட்டத்துச் சில்லறைக் கடை, டவுனில் இருக்கிற சலூன், தையல் கடை, போட்டோகொப்பி, ரீலோட் போடுகிற கொமியுனிகேஷன், வீட்டில் வடை சுட்டுக் கொடுக்கிற அம்மா, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க ஏற்றத்தில் ஏறிவருகிற சூன் பாண் ஆட்டோ, எல்லாமே நுண் தொழில்தான். வங்கியிலும் அரசாங்கத்திலும் 'சிறு மற்றும் நடுத்தர' என்று பேசும்போது அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் இதைவிடப் பெரிய ஆட்கள். கடன் திட்டம் ஒன்று அறிவித்தார்கள் என்று கேள்விப்பட்டு ஓடுவதற்கு முன்னால் அது எந்த அளவுத் தொழிலுக்கு என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, கடை ஊருக்கு என்ன செய்கிறது? சாமான் விற்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடியில் இன்னொரு வேலை நடக்கிறது. தோட்டத்தில் காசு வருவது மாதத்துக்கு ஒரு நாள், பசி வருவது தினமும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த முப்பது நாள் இடைவெளியைக் கடைக்காரர் தன் காசைப் போட்டு நிரப்புகிறார்.

கணக்காகவே பார்ப்போம். நாட்சம்பளம் 2021-ல் 1000 ரூபாவானது, 2024-ல் 1350 ஆனது. அந்த 1350-ஐ வைத்து, மாதத்தில் 20 நாள் பேர், அதாவது முழு நாள் வேலை, கிடைத்தது என்று எடுத்தால் 27,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 போய்விடும். மிச்சம் 24,840. கோயில், சங்கம், எடுத்த முற்பணம் என்று இன்னும் கொஞ்சம் கழியும். மழையில் வேலை குறைந்தாலோ, கொழுந்து இல்லாமல் சொன்ன கிலோ எட்டாமல் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், விழுந்தாலோ இன்னும் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு, அதாவது பறித்த கிலோவுக்குக் காசு தருகிற வேலைக்குப் போனால் ஏதோ கிடைக்கும். இப்படி வருகிற சம்பளத்தில் மாதத்தின் முதல் நாளே ஒரு மூட்டை அரிசியும் பத்துக் கிலோ மாவும் வாங்கி வைக்க எந்தக் குடும்பத்தால் முடியும்? அதனால்தான் கொப்பி.

கடன் என்ற சொல் எங்கள் ஆட்களுக்கு லேசான சொல் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் இவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதியிருக்கும், அந்தக் கடனை யாராவது அடைத்தால்தான் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921-ல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. அந்தக் கடன் ஆளைக் கட்டிப்போட்டது. கடைக் கொப்பியில் வட்டி கிடையாது, பிடிக்காவிட்டால் கணக்கை முடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். அதற்காக எல்லாக் கடைக்காரரும் தர்மவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கடனுக்கு எடுத்தால் சாமானுக்கு ஐந்து பத்து கூடப் போடுகிற கடைகளும் உண்டு, எழுதத் தெரியாத ஆச்சியின் பக்கத்தில் வாங்காத சாமான் ஏறிய கதைகளும் உண்டு. அத்தை அதனால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு சின்னக் கொப்பி கொடுத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதச் சொல்வார். எழுதியதும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொல்வார்.

இன்னொரு வேலை, உடைத்து விற்பது. பெரிய பக்கெட்டாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறைவு என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதற்குக் கையில் மொத்தமாகக் காசு வேண்டும். ஐம்பது கிராம் மிளகாய்த்தூள், ஒரு முட்டை, பனடோல் ஒரு காட், போத்தல் கொண்டுவந்தால் கால் போத்தல் தேங்காய் எண்ணெய், இதெல்லாம் டவுன் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. காய்ச்சல் பிள்ளைக்கு இராத்திரி எட்டு மணிக்கு ஒரு பக்கெட் பிஸ்கட் வேண்டும் என்றால் கதவைத் தட்டக்கூடிய இடம் அந்தக் கடைதான்.

அப்புறம் ரூபாவில் எழுத முடியாத வேலைகள். லயக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாததால் கொழும்பில் இருந்து மகன் அனுப்பும் பார்சல் கடை பெயருக்குத்தான் வரும். சாவு விழுந்தால் சீனியும் தேயிலைத் தூளும் பிஸ்கட்டும் முதலில் கடையில் இருந்து போகும், கணக்கு எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான். சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல, வங்கிப் படிவம் நிரப்ப, போனுக்கு ரீலோட் போட, எல்லாவற்றுக்கும் அங்கேதான் வருவார்கள்.

காசு சுற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வீடு கடையில் 1000 ரூபா கொடுக்கிறது என்று வையுங்கள். அதில் பெரும் பகுதி மொத்த வியாபாரிக்கும் கம்பனிக்கும் போய்விடும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கடையில் விற்கிற கீரை அடுத்த லயத்து அக்காவின் தோட்டத்துக் கீரை, வடை இன்னொரு வீட்டு அம்மா சுட்டது, சாமான் ஏற்றி வந்தது தோட்டத்தின் இதே டிவிஷன் தம்பியின் ஆட்டோ. அவர்கள் கைக்குப் போன காசில் ஒரு பங்கு மறுபடியும் கடைக்கு வரும். அதே 1000 ரூபாவை டவுனில் கொடுத்தால் அது பஸ்ஸில் இருந்து இறங்கிய இடத்திலேயே நின்றுவிடும். உள்ளூர்ப் பொருளாதாரம் என்று பெரிதாகச் சொல்வது இந்தச் சுற்றைத்தான், கடையில் உள்ளூர்ச் சாமான் எவ்வளவு கூட இருக்கிறதோ அவ்வளவுக்குச் சுற்று பலமாக இருக்கும்.

இனி சிக்கலுக்கு வருவோம். புதிதாகக் கடை போடுகிறவர்கள் விழுகிற முதல் குழி, லாபமும் கையில் இருக்கிற காசும் ஒன்று என்று நினைப்பது. இதை நிதானமாகப் பாருங்கள், நான் இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல வருடம் ஆனது.

ஒரு கடை மாதம் 400,000 ரூபாவுக்கு விற்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கொள்விலை 360,000. வித்தியாசம் 40,000. ஆட்டோக் கூலி, கரண்ட், இட வாடகை, கெட்டுப்போன தக்காளி, எலி கடித்த மாப் பை எல்லாம் சேர்த்து 20,000 போனால் லாபம் 20,000. நல்ல கடைதான். ஆனால் அந்த 400,000-இல் 300,000 கொப்பியில் இருக்கிறது. பத்தாம் திகதி எல்லாரும் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. பத்தில் ஒரு பங்கு மட்டும் வராமல் போனால்? 30,000 நின்றுவிடும். மாத லாபம் முழுவதும் போய், அதற்கு மேல் 10,000 கையில் இருந்து குறைந்துவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, இன்னொரு வீட்டில் பிள்ளைக்கு ஓ.எல். டியூஷன் காசு, இன்னொரு வீட்டில் வேலை நாள் குறைவு. கடைக்காரர் மனசுக்கு அது புரியும், மொத்தக் கடை முதலாளிக்குப் புரிய வேண்டிய அவசியம் இல்லை, அவருக்கு ஏழு நாளில் காசோலை மாற வேண்டும்.

சாமானாகவும் கொப்பியாகவும் மாறி மாறி நிற்கிற அந்தக் காசுக்குத்தான் நடைமுறை மூலதனம் என்று பெயர், நாங்கள் கைமுதல் என்போம். கடை மூடுவது பெரும்பாலும் வியாபாரம் இல்லாமல் இல்லை, கைமுதல் முழுக்கக் கொப்பிக்குள் போய் மாட்டிக்கொள்வதால். தட்டில் சாமான் குறையும், அது இல்லை இது இல்லை என்று சொல்ல வேண்டி வரும், காசு கையில் இருக்கிற ஆட்கள் வேறு கடைக்குப் போவார்கள், கடனுக்கு வாங்குகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அந்த நிலைக்குப் போன கடை எழும்புவதை நான் அதிகம் பார்க்கவில்லை.

அப்படியானால் வங்கியில் கடன் எடுத்துக் கைமுதலைக் கூட்டலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் மலையகத்துக்கென்றே இருக்கிற கட்டை வந்து குறுக்கே விழுகிறது. வங்கி கேட்பது காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இல்லாவிட்டால் நிரந்தர வேலையில் இருக்கிற பிணையாளர். 1972-லும் 1975-லும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992-ல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. இதில் எந்தக் கட்டத்திலும் லயத்தில் இருந்த மனிதரின் கைக்கு உறுதி வரவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கட்டிக் குடியேறியவர்களிலும் உறுதி கைக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். நூறு வருடமாக ஒரே இடத்தில் இருந்த குடும்பத்தின் பிள்ளை வங்கியில் போய் உட்கார்ந்து, 'உங்கள் இடம் யாருடையது?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எழும்பி வருவது எவ்வளவு கஷ்டமான விஷயம். அந்தப் பிள்ளை வியாபாரத்தில் திறமை இல்லாமல் தோற்கவில்லை.

உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபைகூட நீண்ட காலம் தோட்டத்துக்குள் காசு செலவழிக்க முடியாமல் இருந்தது, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. 2018-ல்தான் அதைத் திருத்தினார்கள். கடைக்கு வருகிற ரோடு, தெருவிளக்கு, வடிகான் எல்லாம் ஏன் அப்படிக் கிடந்தன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வங்கி கைவிட்டால் மிச்சம் இருப்பது சீட்டு, நகை அடகு, நுண்கடன். சீட்டு நல்லதுதான், ஆட்கள் நல்லவர்களாக இருந்தால். நுண்கடனில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள், வட்டியைவிட அதுதான் கடையைச் சாய்க்கிறது. தவணை பெரும்பாலும் கிழமைக்கு ஒருமுறை, உங்கள் வாடிக்கையாளர் காசு தருவது மாதத்துக்கு ஒருமுறை. முதல் கிழமை சமாளிப்பீர்கள், மூன்றாம் கிழமை தட்டில் இருக்கிற சாமானை விற்ற காசில் தவணை கட்டுவீர்கள், அந்தச் சாமானைத் திரும்ப வாங்கக் காசு இருக்காது, அதற்கு இன்னொரு இடத்தில் கடன். இப்படி மூன்று நான்கு இடத்தில் மாட்டிய பெண்களை எனக்குத் தெரியும். புருஷன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட, ஊரில் கடையும் பிள்ளைகளும் இவர்கள் தலையில், தவணைக்காரர் படியேறி வருகிற நாளில் கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பார்கள். கடன் எடுக்கத்தான் வேண்டும் என்றால் மாதத் தவணை உள்ளதாக, முடிந்தால் பத்தாம் திகதிக்குப் பிறகு விழுவதாகக் கேட்டு வாங்குங்கள்.

விலை விஷயத்திலும் மேட்டுக் கடைக்கு ஒரு தனிக் கஷ்டம். பக்கெட்டில் அச்சடித்த விலை கொழும்புக்கும் ஒன்று, பொகவந்தலாவைக்கு மேலே கடைசி டிவிஷனுக்கும் ஒன்று. ஹட்டனில் இருந்து டவுனுக்கு, டவுனில் இருந்து ஆட்டோவில் மேலே என்று கூலி ஏறிக்கொண்டே வரும், விலை ஏறக்கூடாது. அதற்கு மேல் விற்றால் நுகர்வோர் அதிகார சபை பிடிக்கும், 2021-ல் தண்டத்தைக் கூட்டிய பிறகு தனிக் கடைக்காரருக்குக் குறைந்தபட்சமே 100,000 ரூபா. நுகர்வோரைக் காப்பாற்ற அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மலை ஏறுகிற கூலியை யார் தாங்குவது என்று யாரும் பேசவில்லை. இப்போதைக்கு இரண்டு மூன்று கடைக்காரர் சேர்ந்து ஒரே லொறியில் சாமான் இறக்குவதுதான் நான் கண்ட நல்ல வழி, பக்கத்துக் கடைக்காரரை எதிரியாகப் பார்க்கிற ஆட்களுக்கு அது வராது.

2022-ஐ மறக்க முடியாது. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 95 வீதத்தைத் தொட்டது. இதைக் கொப்பியோடு சேர்த்துப் பாருங்கள். இந்த மாதம் 12-ஆம் திகதி எழுதிய மாவுக்கு அடுத்த மாதம் 10-ஆம் திகதி காசு வருகிறது, எழுதிய விலைக்கே வருகிறது. அதற்குள் மொத்தக் கடையில் மாவின் விலை வேறு. கடன் முழுவதும் சரியாக வந்தும் அந்தக் காசுக்கு அதே அளவு மா வாங்க முடியாது. ஒரு ரூபா நட்டம் என்று கொப்பியில் எங்கேயும் இருக்காது, ஆனால் கடை மாதத்துக்கு மாதம் சிறிதாகிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் விலையை மாற்றி எழுதினால் சனம் திட்டும், எழுதாவிட்டால் கடை போகும். லயத்தில் ரொட்டி மெலிந்துகொண்டு வந்த காலம் அது, மா கேட்டு வந்த பிள்ளையிடம் 'விலை கூடிவிட்டது' என்று சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை.

மழை, மண்சரிவு பற்றி மலையகத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பாதைகள் அறுந்தபோது, டவுனில் இருந்து ஒன்றும் வராத நாட்களில், கடையில் இருந்ததைப் பங்கு போட்டுத்தான் பல இடங்களில் அடுப்பு எரிந்தது. அப்படிக் கொடுத்தது திரும்பி வருவது நிச்சயம் இல்லை. காப்புறுதி செய்த தோட்டத்துக் கடை ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

பருவமும் ஒரு கணக்கு. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும், மலையடிவாரத்து நல்லதண்ணியில் கடை போடுகிறவர்களுக்கு அந்த ஆறு மாதம்தான் வருடம். நுவரெலியாவில் சுற்றுலா ஆட்கள் வருகிற ஏப்ரல். இந்தக் காசு வரும்போது அது பன்னிரண்டு மாதத்துக்கான காசு என்று ஒதுக்காவிட்டால் ஓகஸ்ட் மாத மழையில் கஷ்டம்தான்.

எனக்கு மனசு அதிகம் வலிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் திகதி கையில் காசு வந்ததும் டவுனுக்குப் போய் மொத்தமாகச் சாமான் வாங்கி, கொப்பிக்குப் பாதி மட்டும் கொடுத்து, இருபதாம் திகதி மறுபடியும் கொப்பியோடு வருவது. டவுனில் விலை குறைவு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம், நியாயம்தான். ஆனால் காசு வியாபாரம் முழுவதும் டவுனுக்கும் கடன் வியாபாரம் முழுவதும் மேட்டுக் கடைக்கும் என்று பிரிந்துவிட்டால் மேட்டுக் கடை நிற்காது. எல்லாவற்றையும் இங்கேயே வாங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. பத்தாம் திகதி முதலில் கொப்பியை முடியுங்கள், டவுனுக்குப் பிறகு போங்கள்.

கடை போடப் போகிறவர்களுக்கு அத்தையிடம் கற்றதில் சிலதைச் சொல்கிறேன். வீட்டுக்கு எடுக்கிற சாமானையும் கொப்பியில் எழுத வேண்டும், கடைக்காரர் வீடும் ஒரு வாடிக்கையாளர்தான். நாலு பிள்ளைகள் தினமும் ஆளுக்கொரு டொபி எடுத்தால் மாதக் கடைசியில் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரை கடன் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். அத்தை அந்த வீட்டுச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஏற விடமாட்டார், ஏறினால் 'அக்கா, இந்த மாதம் மா பருப்பு மட்டும் எடுங்க, பிஸ்கட்டை அடுத்த மாதம் பார்ப்போம்' என்று தணிவாகச் சொல்வார், யாரும் கோபித்ததாக ஞாபகம் இல்லை. பழைய கடனை ஒரே அடியாகக் கேட்டால் ஆள் வேறு பாதையில் நடக்கத் தொடங்குவார், மாதம் 500 என்று பிரித்துக் கேட்டால் வருவார்.

கடைப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள், எவ்வளவு சின்னக் கடை என்றாலும். பிரதேச செயலகத்தில் செய்யலாம். கிராம உத்தியோகத்தர் சான்றிதழும், இடம் உங்களுடையது இல்லை என்றால் இடத்துக்கு உரியவரின் சம்மதமும் கேட்பார்கள். தோட்ட இடம் என்றால் நிர்வாகத்திடம் கடிதம் வாங்கப் பல தடவை நடக்க வேண்டி வரும், நடங்கள். அந்தப் பதிவு இருந்தால் கடைப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், விற்ற காசைக் கிழமைக்கு ஒருதரம் அதில் போட்டு எடுத்து வந்தால் ஒன்றிரண்டு வருடத்தில் உங்கள் வியாபாரம் எவ்வளவு என்று காட்ட ஒரு கடதாசி உங்கள் கையில் இருக்கும். உறுதி இல்லாதவருக்கு அதுதான் அடுத்த பேச்சுக்கான பிடி. செயலகத்தில் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, 1987-இல் இருந்து அரசியலமைப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இல்லை என்று சொன்னால் இன்னொரு நாள் வருகிறேன், எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள், மறுபடியும் போங்கள்.